கரை எது என்று கேட்டவர்

நுழையும்முன்

ஓர் உயிரைக் கண்டதும் அது என்ன என்று கேட்பது மனித இயல்பு. அது எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று அடுத்துக் கேட்கும்போது அறிவியல் தொடங்குகிறது. உயிர்களை அவை வாழும் நிலத்தோடு சேர்த்தே எண்ணியது தமிழ்த் திணைமரபு. அதே வினாவை அமேசான் ஆற்றின் வெள்ளக்காட்டில், சிறு படகொன்றில் அமர்ந்து கேட்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். நான்காண்டு உழைப்பை ஒரே நாளில் தீக்கு இழந்தவர். ஆயினும் கேட்ட வினாவைக் கைவிடாதவர். அவரது வாழ்வை அறிவோம்.

மல்லையில் ஓர் ஆறு

மாமல்லபுரத்துக்குச் செல்வோர் அங்குள்ள பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தின்முன் சற்றேனும் நிற்காமல் திரும்புவதில்லை. அருச்சுனன் தவம் என்பர் சிலர். கங்கை நிலத்தில் இறங்கிய காட்சி என்பர் வேறு சிலர். பாறையில் இயற்கையாக அமைந்த பிளவையே பல்லவர் காலச் சிற்பிகள் ஆறாகக் கொண்டனர். பிளவின் நடுவே நாகர்கள். இருபுறமும் யானைகள், சிங்கங்கள், மான்கள், குரங்குகள். முன்னங்கால்களை உயர்த்தித் தவம்புரியும் பூனை, அதன் அருகே அஞ்சாமல் திரியும் எலிகள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த உயிர்கள் அனைத்தும் ஆற்றை நோக்கியே வந்துகொண்டிருக்கின்றன.

ஆறு உயிர்களை ஒன்றுகூட்டுகிறது என்பதை அச்சிற்பம் காட்டுகிறது. ஆறு உயிர்களைப் பிரிப்பதும் உண்டோ? வடகரையில் வாழும் உயிர் தென்கரையில் இல்லாமற்போவதும் உண்டோ? மேலோட்டமாகப் பார்த்தால் எளிய வினாவாகவே இது தோன்றும். இதற்கு விடை தேடப் புகுந்த இளைஞர் ஒருவர், உயிர்ப்புவியியல் என்னும் அறிவுத்துறைக்கே அடித்தளம் இட்டார்.

அவர் விடை தேடிய இடம் அமேசான் ஆற்றின் வெள்ளக்காடு. அத்தகைய காட்டை மனக்கண்ணில் காண்பதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்து மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் போதும். நீர்க்கடம்ப மரங்கள் அடிமரம் முழுதும் நீரில் மூழ்க, கிளைகளை மட்டும் நீர்மேல் விரித்து நிற்கும். நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அக்கிளைகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். மரத்தைச் சூழ்ந்த நீரே அக்கூடுகளுக்கு அரண். இக்காட்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி, மரங்களை வானளாவ உயர்த்தி, நீரைப் பத்து மீட்டருக்கு மேலும் ஆழமாக்கி எண்ணிப் பார்த்தால் அமேசானின் வெள்ளக்காடு ஓரளவு புலப்படும்.

சங்கிலி பிடித்த சிறுவன்

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள், பிரித்தானியாவின் வேல்சுப் பகுதியில் அஸ்க் என்னும் ஊரின் அருகே பிறந்தார். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பம். தந்தையோ தவறான முதலீடுகளால் செல்வத்தை இழந்தவர். ஏறத்தாழப் பதினான்கு வயதில் வாலஸின் பள்ளிப்படிப்பு முடிவுற்றது. அதற்குப்பின் எந்தக் கல்லூரியிலும் அவர் பயிலவில்லை.

அண்ணன் வில்லியம் நில அளவையர். அவருக்கு உதவியாளராகச் சேர்ந்த சிறுவன், அளவுச் சங்கிலியைச் சுமந்துகொண்டு வயல்களிலும் மலைச்சரிவுகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தான். எல்லைக்கல் எங்கே உள்ளது, ஓடை எங்கே திரும்புகிறது, ஒருவர் நிலம் எங்கே முடிந்து மற்றவர் நிலம் எங்கே தொடங்குகிறது என்று நுட்பமாகக் குறித்து வரைபடமாக்குவதே அன்றாடப் பணி. அந்நடையில் கண்ட காட்டுச்செடிகளின் பெயரை அறியும் ஆவல் எழுந்தது; மலிவு விலைச் சிறுநூல் ஒன்றை வாங்கித் தானே தாவரவியல் கற்கத் தொடங்கினான். எல்லைகளைக் கூர்ந்து நோக்கும் கண்ணும் உயிர்களை நேசிக்கும் மனமும் ஒருவரிடமே அமைந்தது அவ்வாறுதான்.

1844ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரப் பள்ளியொன்றில் வாலஸ் ஆசிரியரானார். அந்நகர நூலகம் அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கேதான் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் இளைஞரைச் சந்தித்தார். பேட்ஸ் காலுறைத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வண்டுகளைச் சேகரிப்பதில் பேரார்வம் கொண்டவர். ஒரே சிற்றூரைச் சுற்றி எத்தனையோ வகை வண்டுகள் உள்ளன என்பதை அவரிடம் அறிந்த வாலஸ் வியந்தார். இத்தனை வகைகள் எவ்வாறு தோன்றின என்னும் வினா அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது. அமேசான் ஆற்றுப் பயணம் குறித்து 1847இல் வெளிவந்த ஒரு நூலைப் படித்தபின், வினாவுக்கு விடைதேடும் இடமும் முடிவாயிற்று.

செல்வந்தர் இருவர் மேற்கொண்ட உலாவன்று அது. இருவரிடமும் பெரும்பொருள் இல்லை. பறவைகளையும் பூச்சிகளையும் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்புவது, அங்கே முகவர் அவற்றை அருங்காட்சியகங்களுக்கும் ஆர்வலர்களுக்கும் விற்பது, அந்த வருவாயில் பயணத்தைத் தொடர்வது என்பதே அவர்களின் திட்டம். சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்பவர் முகவராக இசைந்தார். 1848 ஏப்ரல் இறுதியில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மே இறுதியில் அமேசான் முகத்துவாரப் பகுதியிலுள்ள பாரா நகரை அடைந்தனர். இன்று பெலெம் என வழங்கும் நகரம் அது. அப்போது வாலஸுக்கு வயது 25.

வெள்ளம் புகுந்த காடு

முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கீழ் அமேசானில் கழிந்தது. 1849ஆம் ஆண்டு இறுதியில் வாலஸ், அமேசானுடன் ரியோ நீக்ரோ கலக்கும் இடத்தை ஒட்டிய பார்ரா என்னும் ஊரை அடைந்தார். இன்றைய மனாவுஸ் மாநகரே அன்றைய பார்ரா. அங்கிருந்து நண்பர் இருவரும் வெவ்வேறு வழி சென்றனர். பேட்ஸ் அமேசானின் மேற்பகுதிக்குச் சென்றார். வாலஸ் ரியோ நீக்ரோவைத் தேர்ந்தெடுத்தார்.

ரியோ நீக்ரோ என்னும் பெயருக்குக் கரிய ஆறு என்பது பொருள். மட்கிய இலைகளின் சாறு இறங்கியதால் அதன் நீர் கடுந்தேநீரின் நிறத்தில் இருக்கும். ஆழத்தில் கறுப்பாகத் தோன்றும் நீரைக் கையில் அள்ளினால் தெளிவாகவே இருக்கும். ஆண்டுதோறும் வெள்ளப்பருவத்தில் இந்நீர் கரைகடந்து காட்டுக்குள் புகுகிறது. சில நாள்களில் வடிந்துவிடும் வெள்ளமன்று இது; பல திங்கள் நிலைத்து நிற்பது. நம் நாட்டில் வெள்ளம் என்றால் அழிவு நினைவுக்கு வரும். அங்கோ வெள்ளம் ஒரு பருவம். மரங்களும் விலங்குகளும் அதற்கேற்பவே வாழ்வை அமைத்துக்கொண்டுள்ளன. இவ்வாறு கருநீரில் மூழ்கும் காட்டை அப்பகுதி மக்கள் இகாப்போ என்பர்.

இகாப்போவுக்குள் நடைபாதை இல்லை, படகே வழி. மரக்கலத்தின் துடுப்பு இலைகளில் உரச, அடிமரங்களுக்கு இடையே வளைந்து வளைந்து செல்ல வேண்டும். கோடையில் அண்ணாந்து நோக்க வேண்டிய கிளைகள் வெள்ளத்தில் படகோட்டியின் தோளுக்கு நேராக வந்துவிடுகின்றன. கிளைகளில் பூத்த பூக்களும் பழுத்த கனிகளும் கைக்கெட்டுகின்றன. கொடிகளில் எறும்புகளும் சிலந்திகளும் தவளைகளும் தஞ்சம் புகுந்திருக்கும். படகு உரசினால் அவை அனைத்தும் பயணியின் மேல் உதிரும். பறவைகள் பாடிய கிளைக்குக் கீழே ஆற்று ஓங்கில்கள் நீந்துகின்றன. மரத்திலிருந்து நீரில் விழும் கனிகளை மீன்கள் உண்கின்றன. தம்பாக்கி என்னும் பெருமீன் கடினமான விதைகளையும் பல்லால் உடைக்கவல்லது. மீன்கள் விழுங்கிய விதைகளுள் சில வேறிடத்தில் வெளிப்பட்டு, வெள்ளம் வடிந்தபின் முளைக்கின்றன. நம் ஆலமரத்துக்குப் பறவை செய்யும் உதவியை அங்கே மீன் செய்கிறது.

தெரிந்து தெளிவோம்

அமேசான் பகுதி ஆறுகளை அவற்றின் நீரின் நிறங்கொண்டு வாலஸ் மூவகையாகப் பிரித்தார். அந்தீசு மலையிலிருந்து வண்டலைச் சுமந்துவரும் கலங்கிய வெண்ணீர் ஆறுகள் ஒருவகை. பழம்பாறை நிலங்களில் பிறந்து தெளிந்தோடும் ஆறுகள் மற்றொரு வகை. காட்டின் மட்கிய இலைச்சாறு கலந்த கருநீர் ஆறுகள் மூன்றாம் வகை. இன்றைய நீரியல் அறிஞரும் இப்பகுப்பை ஏற்றுப் பயன்படுத்துகின்றனர். மனாவுஸ் அருகே ரியோ நீக்ரோவின் கருநீரும் அமேசானின் வெண்ணீரும் உடனே கலவாமல் சில கிலோமீட்டர் தொலைவு அருகருகே ஓடுவதை இன்றும் காணலாம்.

குடைப்பறவையும் குரங்குகளும்

ரியோ நீக்ரோவின் வெள்ளத்தீவுகளில் வாழும் குடைப்பறவையைத் தேடி வாலஸ் ஒரு திங்கள் அலைந்தார். காக்கையினும் பருத்த கரிய பறவை அது. தலைமேல் குடைபோல் விரியும் கொண்டையும், கழுத்திலிருந்து தொங்கும் இறகுத் தொங்கலும் உடையது. பறவையின் தோற்றத்தைக் காட்டிலும் அதன் இருப்பிடமே வாலஸின் கருத்தைக் கவர்ந்தது. வெள்ளம் சூழும் தீவுகளில் அது உண்டு; அண்மையிலுள்ள பெருநிலத்துக் காட்டில் அவர் அதைக் காணவில்லை. இறக்கை உள்ள பறவைக்கு ஆற்றைக் கடப்பது அரிதா? அரிதன்று. எனினும் அது தனக்குரிய இடத்தை விட்டு நீங்கவில்லை.

குரங்குகளிடத்தில் இவ்வியல்பு மேலும் தெளிவாகப் புலப்பட்டது. அமேசான் பகுதியில் தாம் கண்ட குரங்கினங்கள் 21 என்று வாலஸ் கணக்கிட்டார். அவற்றுள் 7 இனங்கள் வாலால் கிளையைப் பற்றக்கூடியவை. ஏனைய 14 இனங்கள் அத்திறன் அற்றவை. எந்த இனம் ஆற்றின் எந்தக் கரையில் உள்ளது என்று அவர் செல்லுமிடமெல்லாம் உசாவினார். அமேசான், ரியோ நீக்ரோ, மதீரா ஆகிய பேராறுகள் சில இனங்களுக்குக் கடக்கமுடியாத எல்லையாக அமைந்திருப்பதை உணர்ந்தார். ஒரு கரையில் நீர்விளிம்புவரை வாழும் குரங்கு மறுகரையில் அறவே இல்லை. ஆற்றின் தலைப்பகுதிக்குச் செல்லச் செல்ல, ஆறு குறுகக் குறுக, இவ்வெல்லை மங்கி இருகரையிலும் ஒரே இனங்கள் காணப்பட்டன. எனவே எல்லையாக அமைவது ஆற்றின் அகலமே என்பது விளங்கிற்று.

இவ்வுண்மையை வாலஸுக்கு முன்பே அறிந்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் அக்காட்டின் பழங்குடி வேட்டையர். குறிப்பிட்ட விலங்கு வேண்டுமெனில் அவர்கள் ஆற்றைக் கடந்து அதற்குரிய கரைக்கே சென்றனர். இதனை வாலஸ் மறைக்காமல் எழுதினார். படகு வலித்தவரும் வழிகாட்டியவரும் மரங்களின் பெயர்களையும் பயன்களையும் கற்பித்தவரும் அம்மக்களே. பனையினங்களைக் குறித்துப் பின்னர் அவர் எழுதிய நூலில், மக்கள் வழங்கும் பெயர்களும் ஒவ்வொரு பனையையும் அவர்கள் கூரையாகவும் கயிறாகவும் உணவாகவும் பயன்கொள்ளும் முறைகளும் இடம்பெற்றுள்ளன.

இங்கே ஒன்றை நாம் மறைத்தல் ஆகாது. அக்காலத்தில் உயிரியலாரின் கருவி துப்பாக்கி. ஓர் உயிரை அறிய அதனைக் கொல்வது அன்றைய வழக்கம். வாலஸும் அவ்வாறே செய்தார். நாம் இன்று தொலைநோக்கியாலும் ஒளிப்படத்தாலும் செய்வதை அவர் தோலும் இறகுமாகச் சேகரித்தார். அவரது முறையை விலக்கி, அவரது வினாவை ஏற்பதே நமக்குத் தகும்.

காய்ச்சலும் பிரிவும்

வாலஸ் ரியோ நீக்ரோவில் மேற்சென்று, இன்றைய வெனிசுவேலா நாட்டு எல்லைக்குள்ளும் புகுந்தார். அதன் கிளையாறான உவாப்பெசில் இருமுறை பயணம் செய்தார். அருவிகளும் பாறைகளும் நிறைந்த அவ்வாற்றில் படகைச் சுமந்தும் இழுத்தும் செல்ல நேர்ந்தது. இளமையில் கற்ற நில அளவைக் கலை அங்கே கைகொடுத்தது. கோணமானியும் கடிகாரமும் கொண்டு ஆற்றின் போக்கை அளந்து, ரியோ நீக்ரோவுக்கும் உவாப்பெசுக்கும் அவர் வரைந்த வரைபடம் பின்னாளில் இலண்டன் அரசப் புவியியல் கழகத்தால் வெளியிடப்பட்டது.

உடலும் உள்ளமும் அங்கே பெற்ற காயங்கள் பல. 1849இல் தம்பி ஹெர்பர்ட் அவருக்கு உதவியாக வந்து சேர்ந்திருந்தார். காட்டுவாழ்வு தமக்கு ஒத்துவராது என்று உணர்ந்த தம்பி, தாயகம் திரும்பக் கப்பலேறும் நோக்குடன் பாராவுக்குச் சென்றார். அங்கே பரவிய மஞ்சட்காய்ச்சல் 1851ஆம் ஆண்டு அவர் உயிரைக் கவர்ந்தது. அப்போது அந்நகரில் இருந்த பேட்ஸ் அவரைப் பேணினார், தாமும் நோயுற்றார். செய்தி ஆற்றுவழி வந்து வாலஸைச் சேர்வதற்குப் பல திங்கள் ஆயின. அவரும் அவ்வாண்டின் இறுதியில் கடும்காய்ச்சலால் எழவும் இயலாமல் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார்.

கடலில் எரிந்த நான்காண்டுகள்

1852 சூலை 12ஆம் நாள் வாலஸ் பாராவிலிருந்து ஹெலன் என்னும் பாய்மரக் கப்பலில் தாயகம் புறப்பட்டார். மேலாற்றில் சேகரித்து அனுப்பிய பெட்டிகள் பார்ராவிலேயே சுங்கத்தில் தேங்கிக் கிடந்தமையால், அவற்றையும் தம்மோடு ஏற்றிக்கொண்டார். உயிருடன் பிடித்து வளர்த்த குரங்குகளும் கிளிகளும் உடன்வந்தன. தமக்கென்று ஒதுக்கி வைத்திருந்த அரிய மாதிரிகள், நாட்குறிப்புகள், ஓவியங்கள் என நான்காண்டு வாழ்வின் சாரம் அக்கப்பலில் இருந்தது.

ஆகஸ்டு 6ஆம் நாள் காலையில் கப்பலின் அடித்தளத்திலிருந்து புகை எழுந்தது. சரக்காக ஏற்றியிருந்த மர நெய்யில் தீப்பற்றிப் பரவியது. அறைக்கு ஓடிய வாலஸின் கைக்குக் கிடைத்தது ஒரு சிறு தகரப்பெட்டி. மீன்களையும் பனைகளையும் வரைந்த ஓவியத்தாள்களை அதில் இட்டுக்கொண்டு படகில் இறங்கினார். கயிற்றைப் பற்றி இறங்குகையில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. எரியும் கப்பலின் பாய்மரத்தில் குரங்குகளும் கிளிகளும் ஒதுங்கி நிற்பதைப் படகிலிருந்தோர் கண்டனர். அவற்றுள் ஒரு கிளி மட்டும் நீரில் விழுந்து காப்பாற்றப்பட்டது.

இரு சிறுபடகுகளில் பத்து நாள்கள் திறந்த கடலில் கழிந்தன. கசியும் படகிலிருந்து ஓயாமல் நீரை இறைத்தவாறும், வெயிலில் வெந்தவாறும் அட்லாண்டிக் பெருங்கடலில் மிதந்தவர்களை ஜோர்டிசன் என்னும் கப்பல் கண்டு ஏற்றிக்கொண்டது. அதுவும் பழுதான கப்பல், உணவும் குறைவு, வழியெங்கும் புயல். 1852 அக்டோபர் முதல் நாள் வாலஸ் இங்கிலாந்துக் கரையில் கால்வைத்தபோது, அவரிடம் எஞ்சியவை அத்தகரப்பெட்டியும் உடுத்த உடையுமே. முகவர் ஸ்டீவன்ஸ் முன்னறிவோடு 200 பவுனுக்குக் காப்பீடு செய்திருந்தமையால் வறுமையின் கொடுமை சற்றுத் தணிந்தது.

எஞ்சிய கேள்வி

அனைத்தையும் இழந்தவர் செய்தது யாது? ஊர்சேர்ந்த பதினொரு வாரங்களுக்குள், 1852 டிசம்பரில், இலண்டன் விலங்கியல் கழகத்தில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வழங்கினார். அக்கட்டுரையின் உயிர்நாடி ஒரே கருத்துதான்: உயிரின் பெயரை அறிவது போதாது, அது வாழும் எல்லையைத் துல்லியமாக அறிய வேண்டும். அருங்காட்சியக மாதிரிகளில் பிரேசில் என்றும் பெரு என்றும் பொதுப்படக் குறித்திருப்பதால் பயனில்லை என்றும், ஆற்றின் எந்தக் கரை என்றுகூடக் குறிக்காமல் உயிர்களின் வரலாற்றை எவ்வாறு அறிவது என்றும் அவர் வினவினார். தோல்களும் இறகுகளும் எரிந்தன. எந்தக் கரை என்னும் கேள்வி எரியவில்லை.

தகரப்பெட்டியில் தப்பியவையும் வீண்போகவில்லை. பனை ஓவியங்கள் 1853இல் நூலாயின. அதே ஆண்டில் அமேசான், ரியோ நீக்ரோ பயணநூலும் வெளிவந்தது. ரியோ நீக்ரோ மீன்களின் ஏறத்தாழ 200 பென்சில் ஓவியங்கள் நெடுங்காலம் அருங்காட்சியகத்தில் உறங்கி, 2002ஆம் ஆண்டு பிரேசிலில் நூலாக வெளிவந்தன. அன்று வரைந்த கோடுகளைக் கொண்டு மீன்களின் இனத்தை இன்றைய அறிஞர் அடையாளம் காண முடிந்தது.

கடலிலும் ஒரு கரை

கடலில் அத்துணை துன்புற்றவர் மீண்டும் கடலேறமாட்டார் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் ஈராண்டுகூட முழுமையாக நிறையாத நிலையில், 1854இல் அவர் மீண்டும் புறப்பட்டார். இலங்கையின் காலித் துறைமுகத்தைத் தொட்டுச் சிங்கப்பூரை அடைந்து, மலேயத் தீவுக்கூட்டத்தில் எட்டாண்டுகள் உழன்றார். சரவாக்கைச் சேர்ந்த அலி என்னும் மலாய் இளைஞர் அவருக்கு உற்ற துணையாக இருந்தார். அப்பயணத்தில் அவர் கடந்த தொலைவு ஏறத்தாழ 14,000 மைல். சேகரித்த மாதிரிகள் 1,25,000க்கும் மேல்.

பாலித் தீவும் லொம்போக் தீவும் அண்டை அண்டையாக உள்ளவை. இடையே இருப்பது ஒரு நீரிணை மட்டுமே. பாலியில் ஆசியப் பறவைகள் மிகுதி. லொம்போக்கிலோ ஆஸ்திரேலியக் கொண்டைக்கிளிகள். ரியோ நீக்ரோவில் ஓர் ஆற்றின் இரு கரைகளில் கண்டதை வாலஸ் இங்கே இரு கண்டங்களின் அளவில் கண்டார். அத்தீவுகளின் இடையே அவர் காட்டிய எல்லை இன்றளவும் வாலஸ் கோடு என அவர் பெயராலேயே வழங்குகிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்தபோதும் அந்த ஆழமான நீரிணை நிலமாகவில்லை என்று பின்வந்தோர் அதற்கு விளக்கம் கண்டனர்.

1858ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், காய்ச்சலுற்றுக் கிடந்த வேளையில், சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் புதிய இனங்கள் உருவாகின்றன என்னும் கருத்து அவருக்குத் தோன்றியது. அதனை எழுதிச் சார்லஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வினும் இருபது ஆண்டுகளாக அதே கருத்தைத் தனியே ஆராய்ந்து வந்திருந்தார். இருவர் எழுத்தும் 1858 சூலை முதல் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் பெருநூல் வெளிவந்தது. உலகம் டார்வினின் பெயரையே மிகுதியும் போற்றியது. வாலஸ் அதற்காக மனம் கசக்கவில்லை. மலேயத் தீவுகள் குறித்த தம் நூலை 1869இல் டார்வினுக்கே படைத்தார். இயற்கைத் தேர்வை விளக்கி 1889இல் எழுதிய நூலுக்கும் டார்வினியம் என்றே பெயரிட்டார்.

1876இல் வெளிவந்த விலங்குகளின் புவிப்பரவல் என்னும் அவரது பெருநூல் உலகை ஆறு விலங்கு மண்டலங்களாகப் பகுத்தது. அதில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே உட்பகுதியாக இணைக்கப்பட்டுள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கை மலைக்கும் உள்ள உயிரின உறவை அவர் அன்றே சுட்டினார். ஒவ்வோர் உயிரினமும் பூமியின் வரலாற்று நூலில் ஓர் எழுத்து என்றும், எழுத்து அழிந்தால் வரலாறும் படிக்கமுடியாது போகும் என்றும் கருதி, அவற்றைக் காக்குமாறு அரசுகளை வேண்டியவர் அவர். 1913 நவம்பர் 7ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், இங்கிலாந்தின் பிராட்ஸ்டோன் என்னும் ஊரில் அவரது வாழ்வுப்பயணம் நிறைவுற்றது.

திணையும் அறிவியலும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்குரிய விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருள் ஆகின்றன. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை, நெய்தலுக்குக் கடற்காகம் என உயிரை நிலத்தோடு பிணைத்தே நம் முன்னோர் கண்டனர். நிலமாறினால் உயிரும் மாறும் என்னும் பட்டறிவு அதில் உண்டு. அது ஏன் என்னும் வினாவை வாலஸ் தொடுத்தார். அளந்தும் குறித்தும் விடை தேடினார். பேராறுகள் எல்லா உயிர்க்கும் எல்லையாவதில்லை, சிலவற்றுக்கே எல்லையாகின்றன என்று இன்றைய ஆய்வுகள் அவர் கருத்தைத் திருத்தியும் விரித்தும் செல்கின்றன. வினா உயிரோடிருப்பதன் அடையாளம் அது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே வாயலூர் அருகில் பாலாறு கடலோடு கலக்கிறது. பெரும்பகுதி நாள்கள் மணலாய்க் கிடந்து, மழைக்காலத்தில் நீராய் விரியும் ஆறு. அதன் இரு கரைகளிலும் வாழும் பறவைகள் எவை, வண்ணத்துப்பூச்சிகள் எவை என்று நாமும் குறித்துப் பார்க்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா, உயர்பட்டமும் வேண்டா. ஒரு குறிப்பேடும், கண்டதைக் கண்டவாறே எழுதும் நேர்மையும், நாள், இடம், கரை ஆகியவற்றை மறவாமல் குறிக்கும் ஒழுங்கும் போதும். பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞர் ஒருவர் வெள்ளம் சூழ்ந்த காட்டிலிருந்து நமக்கு விட்டுச்சென்ற செல்வம் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, ஆறு அல்லது கழிமுகத்தின் இரு கரைகளிலும் ஒரு வாரம் காணும் பறவைகளை நாள், நேரம், இடம் ஆகியவற்றுடன் பட்டியலிடுக. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

2. மழைக்காலத்தில் வேடந்தாங்கல் ஏரியின் மரங்கள் நீரில் நிற்பதால் பறவைகள் பெறும் நன்மைகளைத் தொகுத்து எழுதுக.

3. மாமல்லபுரப் பாறைச் சிற்பத்தில் செதுக்கப்பட்டுள்ள விலங்குகளை அடையாளம் கண்டு, அவை எந்தத் திணைக்குரியவை என வகைப்படுத்துக.

4. உழைத்துச் சேர்த்ததை இழந்தபின்னும் வாலஸ் தம் பணியைத் தொடர்ந்தமைக்குக் காரணங்களாக நீவிர் கருதுவனவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.